மேல் குன்னூரில் புதுப்பித்த பங்களாவில் ஒரு படுக்கையறை வீடு: கொடுக்கும் வாடகைக்குத் தகுமா?

குன்னூரில் பேருந்து நிலையத்தையும் ரயில் நிலையத்தையும் ஒட்டிய கடைவீதியைக் கீழ்க் குன்னூர் என்றும், அங்கிருந்து ஏறிப் போகும் பெட்போர்டு, சிம்ஸ் பூங்கா வட்டாரத்தை மேல் குன்னூர் என்றும் சொல்வது வழக்கம். 1874இல் சிம்ஸ் பூங்காவும், 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலும், 1907இல் பூங்காவுக்கு எதிரே பாஸ்டர் ஆய்வு நிலையமும் வந்த காலத்தை ஒட்டி, வெள்ளைக்கார அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் கட்டிக்கொண்ட பங்களாக்கள் இந்த மேட்டில்தான் மிகுதி. அவற்றில் சில இன்று விடுதிகளாகிவிட்டன. சில பூட்டியே கிடக்கின்றன. சில, நாங்கள் குடியிருக்கும் வீட்டைப் போல, உள்ளே சுவர் வைத்துப் பிரிக்கப்பட்டு, புதுப்பித்த ஒரு படுக்கையறை வீடுகள் என்று மாத வாடகைக்கு வருகின்றன. இத்தகைய வீட்டை எடுக்கலாமா என்று கோவையிலும் சென்னையிலும் இருந்து நண்பர்கள் அடிக்கடி கேட்பதால், ஒரு மழைக்காலத்தையும் ஒரு கோடையையும் இதில் கழித்தவன் என்ற முறையில் என் மதிப்பீட்டை எழுதுகிறேன். உரிமையாளரின் பெயரும் வீட்டின் பெயரும் இதற்குத் தேவையில்லை. இங்கே சொல்லும் நிறைகளும் குறைகளும் இந்த வட்டாரத்தில் இதே முறையில் புதுப்பிக்கப்பட்ட பல வீடுகளுக்குப் பொருந்தும்.

வீடு, பங்களாவின் கிழக்கு மூலையில் அமைந்தது. முன்பு ஒரே குடும்பம் இருந்த கட்டடத்தை நான்கு குடித்தனங்களாகப் பிரித்திருக்கிறார்கள். எங்கள் பங்குக்கு ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சமையலறை, குளியலறை ஆகியவற்றோடு பழைய வராந்தாவைக் கண்ணாடியால் அடைத்த ஒரு முன்கட்டும் வந்தது. பங்களா நூறாண்டைத் தாண்டியது என்று உரிமையாளர் சொன்னார். அதற்கு ஆவணம் எதையும் அவர் காட்டவில்லை என்றாலும், ஒன்றரை அடிக்குக் குறையாத சுவர்களையும், சன்னல்களுக்கு மேலே கான்கிரீட் இல்லாமல் செங்கல் வளைவாகவே நிற்கும் தாங்கலையும், தகரக் கூரைக்கு அடியில் வரிவரியாக அடித்த மரப்பலகை மச்சையும் பார்த்தவர் அந்தப் பேச்சை எளிதில் மறுக்க மாட்டார். மாத வாடகை 16,000 ரூபாய். பராமரிப்புக்குத் தனியாக 1,500 ரூபாய். ஏறக்குறைய இதே பரப்புள்ள வீட்டைக் கீழ்க் குன்னூரின் புதிய கட்டடம் ஒன்றில் இதில் பாதி வாடகைக்குப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தோம். ஆகவே கூடுதலாகக் கொடுக்கும் பாதிப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதே கேள்வி.

என் விடை இதுதான்: புதுப்பித்தவர் கை வைக்காமல் விட்ட இடங்களில் இந்த வீடு கேட்கும் வாடகைக்கு மேலாகவே தருகிறது, கை வைத்த இடங்களில் பெரும்பாலும் ஏமாற்றுகிறது. காரணத்தைத் தேடி அதிகம் அலைய வேண்டியதில்லை. இந்த வீடு முதலில் சுற்றுலா வருவோருக்கு நாள் வாடகைக்கு விடுவதற்காகவே புதுப்பிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வாகனங்கள் இ-பாஸ் பெற்று வரவேண்டும் என்றான பிறகு, நாள் வாடகையை நம்பியிருக்க மனமில்லாமல் மாத வாடகைக்கு மாற்றியதாக உரிமையாளரே சொன்னார். இரண்டு இரவு தங்கிப் படம் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடும் விருந்தினர் சுவரில் ஈரம் ஏறுவதைப் பார்ப்பதில்லை, துணி காயப் போடுவதில்லை, பருப்பு வேகவைப்பதில்லை. பன்னிரண்டு மாதமும் வாழ்பவர் இவை அத்தனையையும் செய்தாக வேண்டும்.

முதலில் கூடத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த வீட்டை நான் இன்னும் காலி செய்யாமல் இருப்பதற்கு அதுவே காரணம். செலவு கருதியோ அழகு கருதியோ, கூடத்தின் தேக்குச் சன்னல்களை அப்படியே விட்டிருக்கிறார்கள். சின்னச் சின்னக் கண்ணாடிச் சதுரங்கள் பதித்த சட்டங்கள். பித்தளைக் கொக்கிகள் தேய்ந்திருந்தாலும் இன்றும் இறுக்கமாக மாட்டுகின்றன. சன்னலின் கீழ்ப்படி வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. படியின் அடிப்புறம் கையை விட்டுத் தடவினால், ஒரு விரல் பதியும் அளவுக்கு நீளவாக்கில் ஒரு காடி வெட்டியிருப்பது தெரியும். படியில் வழிந்து அடிப்புறமாகச் சுவரை நோக்கி வரும் மழைநீர் அந்தக் காடியைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டி விழுந்துவிடுகிறது. நவம்பர் மழை காற்றோடு சேர்ந்து குறுக்கே அடித்த நாள்களிலும் கூடத்துச் சன்னலுக்குக் கீழே சுவர் உலர்ந்தே இருந்தது. அடுத்த அறையில், இதே திசையைப் பார்த்த சன்னலை எடுத்துவிட்டு, பெரிய ஒற்றைக் கண்ணாடியுடன் பிளாஸ்டிக் சட்டத்தில் நகரும் சன்னலை வைத்திருக்கிறார்கள். அதன் வழியே பள்ளத்தாக்கு முழுவதும் தெரிகிறது என்பது உண்மை. ஆனால் கதவு ஓடும் தண்டவாளத்தில் தண்ணீர் தேங்கி, நிரம்பி, உட்புறமாக வழிகிறது. தண்ணீர் வெளியேறத் துளை இருக்க வேண்டிய இடத்தில் சிலிக்கான் பூசி அடைத்திருக்கிறார்கள். மழைக்காலம் முழுவதும் அந்தச் சன்னலுக்குக் கீழே ஒரு பழைய துண்டை மடித்துப் போட்டிருந்தோம்.

கூடத்தின் மரத்தரையும் அதே தரம். காலை ஐந்து மணிக்கு வெறுங்காலுடன் நடக்க முடிகிறது. சமையலறையில் போட்டிருக்கும் பளபளப்பான பெரிய டைல்ஸில் அது முடியாது, மஞ்சு இறங்கிய நாள்களில் அந்த டைல்ஸ் வியர்த்து வழுக்கவும் செய்கிறது. ஆனால் மரத்தரைக்கும் ஒரு கேடு நடந்திருக்கிறது. இத்தகைய தரைக்கு அடியில் வெற்றிடம் விட்டு, வெளிச்சுவரின் அடித்தளத்தில் இரும்புக் கம்பி வலையிட்ட காற்றுத் துவாரங்கள் வைப்பது பழைய முறை. காற்று அடியில் ஓடினால்தான் பலகையும் அதைத் தாங்கும் விட்டமும் உளுக்காமல் இருக்கும். எலி நுழைகிறது என்று அந்தத் துவாரங்களைச் சிமெண்ட் வைத்து மூடிவிட்டார்கள். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பலகை இப்போது காலை வைத்தால் மெல்ல அமிழ்கிறது. எலியைத் தடுக்க நெருக்கமான வலை போதுமாயிருந்தது.

ஈரம் என்பதைப் பற்றிக் கீழேயிருந்து வருபவர்களுக்குச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நீலகிரியில் எல்லா ஊருக்கும் ஒரே மழைக்காலம் இல்லை. கூடலூர்ப் பக்கமும் ஊட்டியும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் நனைகின்றன. கிழக்குச் சரிவில் இருக்கும் குன்னூருக்கு அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வரும் வடகிழக்குப் பருவமழையே பெருமழை. மழை விட்டதும் வெயில் வராமல், அடுத்தாற்போலக் குளிர்காலம் தொடங்கிவிடுவதால், அந்த மாதங்களில் ஏறிய ஈரம் எளிதில் இறங்குவதில்லை. ஏப்ரலிலும் மேயிலும் வீடு பார்க்க வருபவர் எந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தாலும் உலர்ந்தே இருக்கும். முடிந்தால் நவம்பரில் பாருங்கள். முடியாவிட்டால், அலமாரியை நகர்த்தச் சொல்லி அதன் பின்பக்கச் சுவரைப் பாருங்கள்.

எங்கள் படுக்கையறையின் வெளிச்சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமாகக் கட்டியது. புதுப்பித்தபோது பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, சிமெண்ட் பூசி, அதன்மேல் பட்டி தேய்த்து, பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்திருக்கிறார்கள். கோடையில் பார்க்கும்போது அந்தச் சுவர் மிக அழகாகவே இருந்தது. மழை தொடங்கிச் சில வாரங்களில், தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை வண்ணம் பொரித்த அப்பளம் போலக் கொப்புளம் விட்டு எழுந்தது, தொட்டால் உதிர்ந்தது, உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அலமாரிக்குள் தோல் பெல்ட்டிலும் காலணியிலும் பச்சையாகப் பூஞ்சை படர்ந்தது. பட்டுப் புடவைகளை என் மனைவி கூடத்துக்கு மாற்றிவிட்டார். பழுது பார்க்க வந்த கொத்தனார் உள்ளூர்க்காரர், வயதானவர், சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “பழைய சுவரு ஈரத்தக் குடிக்குமுங்க சார், வெயிலடிச்சா கக்கிரும். இப்பக் கக்குறதுக்கு வழியில்லாமப் பண்ணிட்டாங்க” என்றார். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை ஆவியாக வெளியே விடும். சிமெண்ட்டும் பிளாஸ்டிக் வண்ணமும் அதை உள்ளேயே அடைத்துவிடும், அடைபட்ட ஈரம் உப்பையும் கரைத்துக்கொண்டு வேறு வழி தேடும். மறுபடி பட்டி தேய்த்து வண்ணம் அடிப்பது அடுத்த நவம்பர் வரைதான் நிற்கும் என்றும் அவரே சொன்னார். அவருடைய கூலியை இழக்கும் வகையில் அவர் சொன்ன அறிவுரை என்பதால் அதை நான் முழுவதும் நம்பினேன்.

குளிர்காய விறகு எரிக்கும் கூடத்துக் கணப்பிடம் இன்னொரு வருத்தம். வேலைப்பாடுள்ள மரச்சட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, அடுப்பின் வாயைப் பலகையால் அடைத்து, அதன்மேல் தொலைக்காட்சியை மாட்டியிருக்கிறார்கள். கூரைக்கு மேலே புகைபோக்கியின் வாயையும் தகரத்தால் மூடியாயிற்று. புகைபோக்கியைச் சுத்தம் செய்து பராமரிக்கும் சுமையை உரிமையாளர் விரும்பாததில் நியாயம் உண்டு. ஆனால் அதற்கு மாற்றாக அவர் கொடுத்திருப்பது ஒரு சிறிய மின்கணப்பு மட்டுமே. மின்சாரம் இல்லாத இரவுகளுக்கு வழியே இல்லை. காற்றடித்து மரம் சாய்ந்து மின்கம்பி அறுவது இந்த மேட்டில் புதிதன்று. அப்போது சிலர் இரும்புச் சட்டியில் கரி மூட்டி அறைக்குள் வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறார்கள். அடைத்த அறையில் எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குபவரை எழுப்பாமலே கொன்றுவிடும். மலை ஊர்களிலிருந்து குளிர்காலத்தில் இத்தகைய செய்தி அவ்வப்போது வருகிறது. புகைபோக்கி மூடிய வீட்டை எடுப்பவர் கரிச்சட்டியை அறவே நினைக்கக் கூடாது. கனமான இரண்டு கம்பளிகளும் வெந்நீர்ப் பையும் எங்களுக்குப் போதுமாயிருந்தன.

சமையலறை, சமைக்காதவர் வடிவமைத்தது. கருப்புக் கிரானைட் மேடை, இரண்டு இண்டக்‌ஷன் அடுப்புகள், மேலே விளக்குப் பொருத்திய கண்ணாடி அலமாரிகள் எல்லாம் உண்டு. எரிவாயு உருளை வைக்க இடம் இல்லை. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 94 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேக வெகுநேரம் ஆகும். குக்கர் இல்லாமல் இங்கே சமையல் இல்லை, மின்சாரம் இல்லாமல் இந்த அடுப்பில் குக்கர் இல்லை. உரிமையாளரின் இசைவோடு பின்கட்டில் உருளையை வைத்துக் குழாய் இழுத்துக்கொண்டோம். சாலையிலிருந்து வீட்டுக்கு நாற்பதுக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டியிருப்பதால், உருளை கொண்டுவருபவர் தனியாகப் பணம் கேட்கிறார். அவர் படும் பாட்டைப் பார்த்தால் கொடுக்காமல் இருக்கவும் முடியாது. இட்லி மாவு புளிப்பதற்குச் சமவெளியில் ஓர் இரவு போதும். இந்தச் சமையலறையின் குளிரில் டிசம்பரில் மறுநாள் மாலை வரை அசைவே இல்லை. மாவுப் பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, மூடி வைக்கக்கூடிய ஒரு பழைய பெட்டிக்குள் வைக்கும் முறையை அடுத்த குடித்தனத்து அக்காதான் சொல்லிக்கொடுத்தார்.

குளியலறையைப் பற்றிக் குறை அதிகம் இல்லை. சரிவு சரியாக விட்டிருக்கிறார்கள், தண்ணீர் தேங்குவதில்லை. மூன்று லிட்டர் உடனடி வெந்நீர்க் கருவி மட்டும் இந்த ஊர்க் குளிருக்குப் போதாது. கேட்டபோது உரிமையாளர் தயங்காமல் 15 லிட்டர் கருவியாக மாற்றித் தந்தார். துணி காயப்போட இடம் எங்குமே இல்லை. கண்ணாடி அடைத்த முன்கட்டில் கொடி கட்டிக்கொண்டோம். விளம்பரப் படத்தில் தேநீர்க் கோப்பையோடு பிரம்பு நாற்காலி இருந்த இடம் அதுதான்.

நகராட்சிக் குழாயில் நாள்தோறும் தண்ணீர் வராது என்பதைக் குன்னூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரேலியா அணையை நம்பிய ஊர் இது. கோடை நீண்டால் இடைவெளியும் நீளும். வீடு பார்க்கும்போது தொட்டியின் கொள்ளளவையும், அதை எத்தனை குடித்தனங்கள் பகிர்கின்றன என்பதையும், லாரித் தண்ணீர் வாங்கினால் செலவு யாருடையது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் அது பராமரிப்புத் தொகைக்குள் அடங்கும் என்று எழுதி வாங்கியிருந்ததால் கோடையில் தகராறு வரவில்லை.

மின்சாரத்தில்தான் பலரும் கவனிக்காமல் பணத்தை இழக்கிறார்கள். தமிழ்நாட்டில் வீட்டு மின் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு நடக்கிறது. முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை. அதற்குமேல் பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். எங்கள் பங்களாவில் நான்கு குடித்தனங்களுக்கும் சேர்த்து ஒரே இணைப்பு, ஒவ்வொருவருக்கும் உள்மீட்டர். நால்வர் பயன்பாடும் ஒன்றாகக் கூடுவதால் எல்லாரும் மேல்படி விலைக்குத் தள்ளப்படுகிறோம். இலவச யூனிட்டும் நான்காகப் பிரிந்து கரைந்துபோகிறது. உரிமையாளர் யூனிட்டுக்கு 10 ரூபாய் என்று ஒரே விலையாக வாங்குகிறார். வெந்நீரும் கணப்பும் அடுப்பும் மின்சாரத்திலேயே ஓடும் ஒரு வீட்டில் இது சிறிய தொகை அன்று. டிசம்பர், ஜனவரி மின் கட்டணம் எங்களுக்கு மாத வாடகையில் கால் பங்கைத் தொட்டது.

ஒப்பந்தம் குறித்தும் சில சொற்கள். முதலில் ஆறு மாத வாடகையை முன்பணமாகக் கேட்டார்கள். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறாக ஒப்புக்கொண்டால் ஒழிய, முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக்கூடாது என்கிறது. இதை எடுத்துச் சொன்னபோது உரிமையாளர் மூன்று மாதத்துக்கு இறங்கிவந்தார். பதினொரு மாத ஒப்பந்தம் என்றால் பதிவு வேண்டாம் என்ற பழைய நம்பிக்கை இன்னும் இங்கே பரவலாக இருக்கிறது. இந்தச் சட்டத்தின்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். வேறாக எழுதிக்கொள்ளாவிட்டால் கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, மின்கம்பி, குழாய் மாற்றம் ஆகியவை உரிமையாளரின் பொறுப்பு. குழாய்த் திருகு, வடிகால் அடைப்பு போன்றவை குடியிருப்பவரின் பொறுப்பு. வீட்டுக்குள் வர விரும்பும் உரிமையாளர் 24 மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. நாள் வாடகைக்கு விட்டுப் பழகியவர்கள் மாற்றுச் சாவியோடு நினைத்தபோது வந்து நிற்பதுண்டு. எங்கள் வீட்டிலும் தொடக்கத்தில் அப்படி நடந்தது, ஒருமுறை சொன்னதும் நின்றது.

சுற்றுப்புறத்துக்கு மட்டும் கொடுக்கும் பணம் வீணில்லை. சிம்ஸ் பூங்காவுக்கு நடந்தே போய்வரலாம். பெட்போர்டில் மளிகை, மருந்து, காய்கறி எல்லாம் கிடைக்கின்றன. கீழே இறங்கினால் பேருந்தும் ரயிலும். மே மாதப் பழக்காட்சியின் நாள்களில் மட்டும் காரை வெளியே எடுக்காமல் இருப்பது நல்லது. நீலகிரிப் பதிவெண் இல்லாத வண்டியோடு குடிவருபவர் மேலே ஏறும்போது இ-பாஸை மறக்கக் கூடாது. இரவில் குப்பையை வெளியே வைத்தால் கரடி வரும். விடிகாலையில் படியில் காட்டெருமை நின்றால் அது நகரும் வரை நாம்தான் காத்திருக்க வேண்டும், கைதட்டி விரட்ட முயல்வது கூடாது. இவற்றை வீட்டின் குறையாக நான் எண்ணவில்லை, ஆனால் முதியவர்களை அழைத்துவர நினைப்பவர் படிகளையும் இதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். கணவனும் மனைவியுமாக இருவர், வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள் என்றால் இந்த அளவு போதும்; குழந்தை இருந்தால் படுக்கையறையின் ஈரத்தை முன்னிட்டு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் நேரம் வந்தபோது உரிமையாளரிடம் மூன்றைக் கேட்டேன்: தரைக்கு அடியிலுள்ள காற்றுத் துவாரங்களைத் திறந்து வலை போடுவது, படுக்கையறை வெளிச்சுவரின் சிமெண்ட்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசுவது, எங்கள் குடித்தனத்துக்குத் தனி மின் இணைப்பு. துவாரங்களை அந்த வாரமே திறந்துவிட்டார்கள். சுவர் வேலையை மார்ச், ஏப்ரல் வெயிலில் அதே கொத்தனாரை வைத்துச் செய்து முடித்தார்கள். பூச்சு உலர நாளாகும் என்பதால் அதுவரை கூடத்தில் படுத்துக்கொண்டோம். தனி இணைப்புக்கு மட்டும் அவர் இசையவில்லை, ஒருவருக்குக் கொடுத்தால் மற்ற மூவரும் கேட்பார்கள் என்றார். அதற்கு ஈடாக வாடகையில் 1,000 ரூபாயைக் குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டதால், 15,000 ரூபாய்க்கு இன்னும் ஓராண்டுக்குக் கையெழுத்திட்டிருக்கிறோம்.